சாவி போலீஸ் கையில், வண்டி தண்டவாளத்தில்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஐயா, நாங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். என் தம்பி சொந்தமாக மினி லாரி வைத்து மண்டிக்குத் தக்காளி லோடு அடிக்கிறான். போன மாதம் விடியற்காலை ஒரு ரயில்வே கேட்டைக் கடந்திருக்கிறான். கேட் திறந்துதான் இருந்தது. கடந்த உடனே ரோந்து ஜீப்பைக் குறுக்கே போட்டு வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கை காட்டி நிறுத்தியதில் தம்பி வண்டியின் பின்பக்கம் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் வேறொரு லாரி. "லைன் மேல நிக்குது சார், கொஞ்சம் முன்னால எடுத்துக்கறேன்" என்று சொல்லியும் விடாமல், சாவியை எடுத்துக்கொண்டு பேப்பரோடு ஜீப்புக்கு வரச் சொன்னார்களாம். அதற்குள் கூட்ஸ் ரயில் வந்து பின்பக்கத்தை அடித்துவிட்டது. கேபினில் தூங்கிக்கொண்டிருந்த ஹெல்பர் பையனுக்கு (19 வயது, தினக்கூலி) இடுப்பும் வலது காலும் போய்விட்டன. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். எப்.ஐ.ஆரில் தம்பி அஜாக்கிரதையாக ஓட்டினான் என்று மட்டும் இருக்கிறது. ஜீப்பைப் பற்றியோ சாவியைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. ஆர்.பி.எப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காரர்களும் தனியாகக் கூப்பிட்டு, ரயில்வேக்கு ஆன சேதத்தைக் கட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள். போலீஸ் மேல் தப்பு என்று சொல்ல முடியுமா? எங்கே போய்ச் சொல்வது? பையனுக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: அம்மா, ஊர், கேட், ஸ்டேஷன் பெயர்களை நானே எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன். வழக்கு நடக்கும்போது அவை வெளியே வருவது உங்கள் தம்பிக்கு நல்லதல்ல.

போலீஸ் மேல் தப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் எழுதியது அப்படியே நடந்திருந்தால், ஓடும் நிலையில் இருந்த வண்டியை ஓடவிடாமல் செய்தவர்கள் அவர்கள். சாவியை வாங்கிய நொடியிலிருந்து அந்த வண்டியும், அதற்குள் இருந்த பையனும் அவர்கள் பொறுப்பில் வந்துவிட்டார்கள். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய இடத்தில், எழுத்தில், சீக்கிரம் சொல்ல வேண்டும். இன்றைய தேதியில் காகிதத்தில் இருப்பது ஒரே கதை. இன்னொரு கதை இருக்கிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நீங்கள் இப்போது பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

முதலில் தம்பியின் வழக்கு. கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 125(பி), தாறுமாறாக ஓட்டியதற்கு 281, இந்தப் பிரிவுகள்தான் வழக்கமாகப் போடுவார்கள். இரண்டும் ஜாமீன் தரக்கூடியவை, அதனால் ரிமாண்ட் பயம் வேண்டாம். ஆள் இருக்கும் கேட் திறந்திருக்கும்போது கடப்பது குற்றமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1972-லேயே பதில் சொல்லிவிட்டது. எஸ்.என். ஹுசைன் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கு அது. பஸ் டிரைவரான ஹுசைன் திறந்திருந்த கேட்டில் பஸ்ஸை ஓட்டிப் போனார், கூட்ஸ் ரயில் மோதியது, அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கேட்மேன் உள்ள இடத்தில் கேட் திறந்திருந்தால் ரயில் இப்போது வராது என்று ஓட்டுநர் நம்பலாம், அந்த நம்பிக்கையை அஜாக்கிரதை என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். வண்டியை நிறுத்தி, ஆள் இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 131-வது பிரிவு சொல்வது ஆளில்லாத கேட்டுக்கு. ரயில்வே சட்டத்தின் 161-ம் அப்படித்தான். அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. ரயில்வே சட்டத்தின் 160 மூடிய கேட்டைத் திறந்தவருக்கும் உடைத்தவருக்கும் பொருந்தும். உங்கள் தம்பி எதையும் திறக்கவில்லை, உடைக்கவில்லை.

அவன் நிறுத்தியது தப்பா? சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும், அது சட்டம். லைசென்ஸைக் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் நிறுத்துவது எங்கே என்று முடிவு செய்பவர் கை காட்டுகிறவர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி நீளம்கூட இடம் விடாமல் ஜீப்பைக் குறுக்கே போட்டால், அடுத்து வரும் வண்டி எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவி விஷயம் இன்னும் மோசம். லைசென்ஸ், பெர்மிட் போன்றவை இல்லாதபோது வண்டியைப் பிடித்து வைக்க மோட்டார் வாகனச் சட்டம் 207-வது பிரிவு அதிகாரம் தருகிறது. சோதனை முடியும் வரைக்கும் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அப்படியே பிடித்து வைத்தாலும், பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்த்தானே வைக்க வேண்டும்?

"போலீஸ் வேலை செய்யும்போது நடந்தது, அதற்கெல்லாம் கேஸ் நிற்காது" என்று உங்களிடம் யாராவது சொல்லுவார்கள். நம்ப வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2022 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண்ணைக் கைது செய்து விலங்கு மாட்டி, தண்டவாளத்தின் மேல் நிறுத்தியிருந்த போலீஸ் காரில் பூட்டி வைத்தார்கள். அவர் வந்த வண்டியைப் போலீஸார் சோதித்துக்கொண்டிருந்தபோது சரக்கு ரயில் வந்து காரை மோதியது. பலத்த காயங்களோடு அந்தப் பெண் உயிர் பிழைத்தார். அவரைக் காரில் ஏற்றிய அதிகாரிக்கு 2023-ல் நீதிமன்றம், பொறுப்பில்லாமல் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தியதற்கும் காயம் விளைவித்ததற்கும் தண்டனை கொடுத்தது. கொலை முயற்சிக்கு நெருக்கமான பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் தப்பு இல்லாமல் போய்விடாது. உங்கள் வழக்கிலும் போலீஸார் வேண்டுமென்று செய்தார்கள் என்று எழுதாதீர்கள். கவனக்குறைவு என்று எழுதுங்கள். அதுதான் உண்மை, அதை நிரூபிக்கவும் முடியும்.

நம் நாட்டுத் தீர்ப்பும் இருக்கிறது. ஒடிசாவில் 1987 டிசம்பரில் சுமன் பெஹெரா என்ற 22 வயது இளைஞனைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அவன் உடல் ரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அவன் தாய் நீலாபதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அந்தக் கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1993-ல் நீதிமன்றம் போலீஸின் கதையை ஏற்காமல், ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. போலீஸ் கைக்குள் இருக்கும் ஆளின் உயிருக்கு அரசு பதில் சொல்ல வேண்டும், வாழும் உரிமை மீறப்பட்டால் அரசின் இறையாண்மைப் பாதுகாப்பு (அரசு தன் வேலையைச் செய்ததற்கு வழக்குப் போட முடியாது) என்ற வாதம் எடுபடாது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. உங்கள் ஹெல்பர் பையன் கைதியல்ல, உண்மைதான். ஆனால் சாவி போனபின் அவன் உட்கார்ந்திருந்த வண்டி யார் வசம் இருந்தது என்ற கேள்வியை இதே வழியில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாகக் கேட்க இடமிருக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அது பெரியதாகப் படுகிறது. ரயில் வரும் நேரத்தில் கேட் ஏன் திறந்திருந்தது?

இன்டர்லாக் செய்த கேட் என்றால், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். குறுக்கே லாரி நின்றால் கேட் மூடாது, சிக்னல் சிவப்பிலேயே இருக்கும், ரயில் வெளியே நிற்கும். இன்டர்லாக் இல்லாத கேட்டில் எல்லாம் போன் பேச்சை நம்பித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு ரயில் வருகிறது என்பார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு, மூடியதற்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்லுவார். இருவரும் அதை நேரத்தோடு குறித்துக்கொள்வார்கள். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேனில் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட். அதற்குப் பிறகுதான் எல்லாக் கேட்டுகளிலும் கேமரா வைக்கவும், போன் பேச்சுப் பதிவுகளைத் தினமும் சரிபார்க்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கி வரும் கணக்கு 20,000-ஐத் தாண்டினால்தான் இன்டர்லாக் என்று இருந்ததை 10,000 ஆகக் குறைத்ததும் அப்போதுதான்.

அதனால் உங்கள் கேட் எந்த வகை, அன்று எத்தனை மணிக்குப் பிரைவேட் நம்பர் கொடுக்கப்பட்டது, அந்த நேரத்தில் கேட் மூடியிருந்ததா என்று தெரிய வேண்டும். மூடாமலே நம்பர் கொடுத்திருந்தால் ரயில்வேயும் பொறுப்பு. பாதையில் தடை என்று தெரிந்தால் கேட்கீப்பர் செய்ய வேண்டியதும் எழுதியே இருக்கிறது: சிவப்பு விளக்கோடு ரயில் வரும் திசையில் ஓடி, 600 மீட்டரில் (ரயில் சக்கரம் ஏறியதும் சத்தம் போட்டு டிரைவரை எச்சரிக்கும்) ஒரு வெடியும், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் பிடிக்கும் என்பதால்தான் இத்தனை தூரம். அங்கே நின்ற போலீஸாருக்கும் இதில் வேலை இருந்தது. கையில் வயர்லெஸ் வைத்திருந்தவர்கள் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா, கேபினில் ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தார்களா? தம்பி அந்த நேரத்தில் "உள்ளே பையன் தூங்குறான்" என்று சொன்னானா என்பதை மறக்காமல் அவனிடம் கேட்டு எழுதி வையுங்கள். இந்த ஒரு வாக்கியம் வழக்கின் போக்கையே மாற்றும்.

இந்தச் சாட்சியங்களெல்லாம் சீக்கிரம் அழியக்கூடியவை. கேமராப் பதிவு மேலெழுதப்பட்டுவிடும். ஆகவே இந்த வாரமே பதிவு வசதியோடு இரண்டு ஸ்பீட் போஸ்ட் தபால்கள். ஒன்று ரயில்வே கோட்ட மேலாளருக்கு: கேட் பதிவேடு, ஸ்டேஷன் மாஸ்டரின் ரயில் சிக்னல் பதிவேடு, போன் உரையாடல் பதிவு, கேமராப் பதிவு, இன்ஜினின் வேகப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். ரயில்வே தனக்குள் நடத்திய விசாரணை அறிக்கையையும் அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகும் பாதை தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி வழியாகப் போவது தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். பெங்களூருக்குப் போக வேண்டிய மனுவைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு, அது சுற்றி வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். எந்தப் பாதை என்று பார்த்து அனுப்புங்கள். இடத்தைக் குறிப்பிட கேட் நம்பரும், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணும் போதும்.

இன்னொரு தபால் மாவட்ட எஸ்.பி.க்கு. அன்றைய ரோந்து ஜீப்பின் லாக் புக், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, வயர்லெஸ் செய்திகள், ஸ்டேஷன் கேமராப் பதிவு எல்லாவற்றையும் பாதுகாக்கச் சொல்லுங்கள். காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொல்லியிருக்கிறது. புலன்விசாரணை நடக்கிறது என்று நகல் தர மறுக்கலாம், பரவாயில்லை. கேட்டோம் என்பது பதிவாகிவிட்டால், பிறகு "அழிந்துவிட்டது" என்று சொல்வது அவர்களுக்குச் சங்கடம்.

எல்லாவற்றையும்விட, பின்னால் நின்ற லாரியின் டிரைவரைக் கண்டுபிடியுங்கள். உங்கள் தம்பி சாவியைக் கொடுத்ததை நேரில் பார்த்த, இரண்டு பக்கமும் சேராத மனிதர் அவர் ஒருவர்தான். மண்டியில் விசாரித்தால் அந்த நேரத்தில் எந்த வண்டி வந்தது என்று சீட்டுப் போடுகிறவருக்குத் தெரியும். அவர் போனில் படம் ஏதும் எடுத்திருந்தால் நகல் மட்டும் வாங்கினால் பத்தாது. அந்த போனை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? இதில் மூன்று சீருடைகள் கலந்திருக்கின்றன. ஊர் ஸ்டேஷனும், இருப்புப்பாதைக் காவல் என்ற ரயில்வே போலீஸும் தமிழக அரசின் கீழ் வருபவை. ஆர்.பி.எப். மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவது. கேட் தொடர்பான ரயில்வே சட்டக் குற்றங்களை ஆர்.பி.எப். விசாரிக்கலாம், ஆனால் போலீஸார் மீதான உங்கள் புகாருக்கு அது இடமல்ல. பையனின் அப்பா அல்லது அம்மா பெயரில் தனிப் புகார் எழுதி ரயில்வே போலீஸில் கொடுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப இப்போது வழி கிடையாது. பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிய வேண்டும், எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபால், அதுவும் நடக்கவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட். அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் மாஜிஸ்திரேட் மேலதிகாரியின் அறிக்கையையும், புகாருக்கு ஆளானவரின் விளக்கத்தையும் கேட்பார், கொஞ்சம் நாளாகும். தங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்ட வழக்கை அதே ஸ்டேஷன் விசாரிப்பது சரியல்ல என்று சொல்லி, விசாரணையை வேறு பிரிவுக்கு மாற்றவும் அதே மனுவில் கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு மனு போகட்டும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆர்.பி.எப். கூப்பிட்டால் தம்பி போகட்டும், ஆனால் தனியாகப் போக வேண்டாம். அங்கே கொடுக்கும் வாக்குமூலம் பின்னால் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்படலாம். சேதத்தை ஒப்புக்கொள்கிறேன், கட்டுகிறேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இனி பையனின் நஷ்டஈடு. ரயில் சம்பந்தப்பட்டது என்பதால் ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லுவார்கள். அது ரயில் பயணிகளுக்கு. நீங்கள் போக வேண்டியது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், தர்மபுரியிலேயே போடலாம். கேட்டில் ரயிலும் வண்டியும் மோதிய வழக்கில் ரயில்வேயை அங்கே எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்று பகவதி பிரசாத் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தம்பி வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி, ரயில்வே, தமிழக அரசு மூவரையும் சேர்க்க வேண்டும். அரசு எதற்கென்றால், குறுக்கே போட்ட ஜீப்பும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதைப் பயன்படுத்திய விதத்தாலும் விபத்து நேர்ந்தது என்று வாதிடலாம். யார் பங்கு எத்தனை சதவீதம் என்ற சண்டை முடியும் வரை பையன் காத்திருக்க வேண்டியதில்லை. தன் மேல் தப்பே இல்லாதவர், பலர் சேர்ந்து செய்த கவனக்குறைவுக்கான முழுத் தொகையையும் அவர்களில் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று 2015-ல் கென்யெய் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். ரயில்வே பக்கம் தவறு என்று முதல்நோக்கில் தெரிந்தால், ஆள் இருக்கும் கேட்டில் பலத்த காயம் பட்டவருக்கு இரண்டரை லட்சம் கருணைத் தொகை உண்டு. 2023-ல் உயர்த்திய தொகை இது. அதற்கும் தனியாக எழுதிக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி பிடிக்கப்போகும் பிடி ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குப் பாலிசி பொருந்தாது, சம்பளத்துக்கு வேலை செய்தவருக்குப் பொருந்தும். பையன் தினக்கூலி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைக் காட்டும் எதுவும் விலைமதிப்பானது: தம்பி ஜி-பே-யில் அனுப்பிய கூலி, மண்டியில் அவன் மூட்டை இறக்கியதைப் பார்த்தவர்கள், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு மூணு மணிக்கு லோடு, வந்துடு" என்று போட்ட செய்தி. "எங்க ஊர்ப் பையன், கூட வந்தான்" என்று பாசத்தில் யாராவது வாக்குமூலம் கொடுத்துவிட்டால் அங்கேயே வழக்கு சரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கிப் பாருங்கள். முதலில் சேர்த்தபோது விபத்து எப்படி நடந்தது என்று டாக்டர் ஒரு வரி எழுதியிருப்பார். சேர்த்தவர் போலீஸ்காரராக இருந்தால் அந்த வரி அவர் சொன்னதாக இருக்கும். தப்பாக இருந்தால், பையன் பேசும் நிலைக்கு வந்ததும் அவன் சொல்வதை வாக்குமூலமாகப் பதியும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழில் சதவீதம் குறைவாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டாம். உடலில் எத்தனை சதவீதம் என்பது வேறு, அவன் செய்துவந்த வேலையை இனி எவ்வளவு செய்ய முடியும் என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. மூட்டை தூக்கிப் பிழைத்த பையனுக்கு இடுப்பும் காலும் போனால் பிழைப்பில் எவ்வளவு போனது என்பதைத்தான் தீர்ப்பாயம் கணக்கிட வேண்டும்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், போன் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பார்கள், பையனின் அம்மாவை அழைத்துக்கொண்டு போனால் போதும். எப்.ஐ.ஆர். நகல், வண்டியின் இன்சூரன்ஸ், ஆர்.சி., தம்பியின் லைசென்ஸ், ஏ.ஆர். காப்பி, பையனின் ஆதார், இவற்றை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இன்னும் ஸ்டேஷனிலேயே இருந்தால், அதை வாங்கி வைத்ததற்கு ரசீது தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதில் போட்டிருக்கும் தேதியும் நேரமும் நமக்குச் சாட்சி.